டக்கு அண்ணனும் பின்சீட்டுக் குரலும்

எங்கள் தெரு முனையில், டயர்க் கடைக்கும் ரொட்டிக் கடைக்கும் நடுவே, ஒரே ஒரு கார் நுழையக்கூடிய கடை ஒன்று இருக்கிறது. கார் உள்ளே போய்விட்டால் அப்புறம் ஆட்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடக்க முடியும். ஒரு பக்கத்துச் சுவரில் ரப்பர் வாடை, மறுபக்கத்துச் சுவரில் அடுப்புச் சூடு. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று கார்களுக்குப் பாட்டு செட் மாட்டிக்கொண்டிருக்கும் மனிதருக்கு டக்கு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை அவர் மனைவியே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வாள்.

செட்டில் விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை என்று ஒரு வண்டி வந்தால், மற்றவர்கள் கரண்ட் பார்க்கும் மீட்டரைத் தேடுவார்கள். இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சில் பேட்டரியை எடுப்பார். செட்டை வெளியே இழுத்து, ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் ஜோடியை அந்தப் பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒரு கணம் தொட்டு எடுப்பார். ஸ்பீக்கருக்கு உயிர் இருந்தால் கதவுக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். உடனே வண்டிக்காரரைப் பார்த்து, "டக்குன்னுச்சா?" என்று கேட்பார். டக்கு அண்ணனுக்கே கேட்டிருக்கும். ஆனாலும் கேட்பார். வலது காது அவருக்குச் சுத்தமாகக் கேட்காது. பாதிக் காதை வைத்துக்கொண்டு முழுத் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பது அவர் கொள்கை.

காது மந்தமான ஆள் பாட்டு செட்டுக்கு வைத்தியம் பார்க்கிறாராம் என்று ஒரு காலத்தில் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. நான் தையல்காரி. மூக்குக் கண்ணாடி இல்லாமல் ஊசிக் காது தெரியாதவள் அடுத்தவர் காதைப் பற்றிப் பேசலாமா? பேசினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வாயில் நாலைந்து குண்டூசியைக் கவ்விக்கொண்டே ஒரு தெருவையே திட்டி முடிப்பேன் என்று என் மகள் சொல்வாள். அந்த வாயாலேயே இன்று சொல்கிறேன்: அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். அவர் கடை நன்றாக இருக்க வேண்டும். கேட்கிற அந்த இடது காது கடைசி வரைக்கும் அவருக்குக் கேட்க வேண்டும்.

என் வீட்டுக்காரரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். ஸ்டாண்டில் அவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அந்த மாதிரி ஆள். வண்டி தெருவுக்குள் திரும்பும் முன்பே அவர் பேச்சு வீட்டுக்கு வந்துவிடும். சவாரி ஏறுகிறவருக்கு வழியில் இருக்கிற கட்டடம், மரம், குழி, எந்த முனையில் எந்த நாய் குரைக்கும் என்பது வரைக்கும் விளக்கம் சொல்வார். சிலர் இறங்கும்போது, "அடுத்த தடவை பேசாத டிரைவரா பார்த்து அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனதும் உண்டு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று மாமியார் எந்த நேரத்தில் சொன்னாரோ, இவர் வாயை வைத்தேதான் பிழைத்தார்.

பிறகு கழுத்தில் ஒரு கட்டி வந்தது. குரலுக்குப் போகிற நரம்பைச் சுற்றிக்கொண்டு வளர்ந்திருந்தது. உயிரா குரலா என்ற இடத்தில் டாக்டரம்மா உயிரை எடுத்து எங்கள் கையில் கொடுத்தார். அந்தக் கைகளுக்கும் என் கும்பிடு உண்டு. ஆனால் குரல் போய்விட்டது. வெறும் காற்றுதான் வந்தது. அவர் பேசுவது காதருகே யாரோ பழைய துணியைத் தேய்ப்பது போல இருக்கும். ஒவ்வொரு வார்த்தைக்கும் இழுத்து மூச்சுவிட வேண்டியிருந்ததால், வார்த்தையைச் சில்லறை மாதிரி எண்ணிச் செலவு செய்ய ஆரம்பித்தார். "சாப்பாடு." "மருந்து." "சரி." அவ்வளவுதான். வெளியூரில் படிக்கும் மகள் போன் செய்தால் அவர் போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டிவிடுவார். இருவருக்கும் சேர்த்து நானே பேசினேன். ஏற்கனவே நீளமான வாய், இன்னும் நீண்டுகொண்டே போனது.

சவாரியும் குறைந்தது. வழி கேட்டால் பதில் சொல்லாத டிரைவரைப் பார்த்து ஜனங்கள் பயந்தார்கள். கார் வீட்டு வாசலில் உறை போட்டு நின்றது. வண்டியை விற்றுவிடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். விற்பதற்கு முன்னால் பாட்டு செட்டைத் தனியாகக் கழற்றி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் டக்கு அண்ணன் கடைப்படியை முதன்முதலாக மிதித்தேன்.

"ஏம்மா கழட்டணும்?" என்றார், இடது காதை என் பக்கம் திருப்பி.

"ஓட்டறவரே பேசறதில்ல. பாட்டு மட்டும் எதுக்குண்ணே?"

"பேசறதில்லையா, பேச முடியலையா?"

"முடியல. காத்து மட்டும்தான் வருது."

அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "காத்து வருதுல்ல? அப்புறம் என்ன. மைக்குக்கு அது போதுமே."

வண்டியை விற்கிற பேச்சை அன்றோடு விட்டேன்.

டக்கு அண்ணன் கார் வேலைக்கு வருவதற்கு முன்னால் கூட்டங்களுக்கு மைக் செட் போடுகிறவராக இருந்தவர். ஏணியில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார், ஒயர் இழுப்பார், கூட்டம் கூடும் முன் மேடையில் நின்று "ஹலோ, ஹலோ, ஒன்னு, ரெண்டு, மூனு" என்பார். இந்த ஊரில் அவர் குரலைக் கேட்ட அளவுக்கு ஜனம் வேறு யார் குரலையும் கேட்டிருக்காது. ஆனால் அவர் சொன்னதெல்லாம் அந்த ஒன்று, இரண்டு, மூன்று மட்டும்தான். மூன்றுக்கு மேல் யாரும் அவரைப் பேசவிடவில்லை. ஒரு நாள் குழாய்க்குள் காதை வைத்து, இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழே யாரோ சத்தத்தை முழுசாகத் திருகிவிட்டார்கள். அத்தோடு வலது காது போயிற்று. யார் திருகியது என்று நான் ஒரு முறை கேட்டேன். "யாரோ ஒருத்தர். திருகினவருக்கு நான் மேல இருக்கேன்னு தெரியுமா என்ன?" என்றார். ஆள் யாரென்று அவருக்கு நிச்சயம் தெரியும். சொல்ல மாட்டார். அவர் சுபாவம் அப்படி. அவர் மனைவியிடம் கேட்டால், "பாதி காது போனப்போ அந்த இடத்துல பொறுமை வந்து குடியேறிடுச்சு. எனக்கு அதுல ஒரு துளியாவது வந்திருக்கலாம்" என்பாள்.

அந்தப் பொறுமையை எங்கள் வண்டியில் காட்டினார். சட்டைக் காலரில் மாட்டுகிற சின்ன மைக் ஒன்று கொண்டுவந்தார். அதைச் செட்டோடு இணைத்ததும் வண்டி ஊளையிட ஆரம்பித்தது. முன்கதவு ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தையே மைக் திரும்பப் பிடித்துக்கொள்கிறதாம். பிறகு முன்னால் இருப்பவற்றை வாய் மூடவைத்து, பின்சீட்டுக்குப் பின்னால் கண்ணாடி ஓரப் பலகையில் இருக்கும் இரண்டு ஸ்பீக்கருக்கு மட்டும் குரலைத் திருப்பினார். அதற்குப் புதிதாக ஒயர் இழுத்தார். அவர் ஒன்றைத் திருகுவார், என் வீட்டுக்காரர் காற்றாய் ஏதாவது சொல்வார், டக்கு அண்ணன் பின்சீட்டில் உட்கார்ந்து இடது காதைச் சாய்த்துக் கேட்பார், டயர்க்கடைக்காரரையும் உட்காரவைத்துக் கேட்பார், மறுபடி இறங்குவார். பல நாள் இப்படியே போயிற்று. கடைசியில் காற்று குரலாயிற்று.

நான் அதை வெளியே நின்று கண்ணாடி வழியாகத்தான் கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் வண்டியில் முன்சீட்டு என் சீட்டு. நான் ஏறினால் அவர் மைக்கை அணைத்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து, வேண்டியதை மட்டும் சொல்வார். பின்சீட்டில் உட்கார்ந்து அவரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

குரல் திரும்பியதும் வேலை தேடி வந்தது. பார்வை போனவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் மையம் ஒன்று இருக்கிறது. அங்கே படிக்கிறவர்களைத் தினமும் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட ஒரு வண்டி தேவைப்பட்டது. வழியை விளக்கிச் சொல்லும் டிரைவர் வேண்டும் என்றார்கள். ரேடியோவை விட்டால் அதற்கு யார்? மையத்தை நடத்துகிற அம்மாவுக்கும் கண் தெரியாது. அவரே ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு, "நல்லா சொல்றீங்க தம்பி. ஒன்னு மட்டும் நினைவு வச்சுக்கங்க. எங்க ஆளுங்களுக்கு டிரைவர் குரல்தான் கைப்பிடி. ஒரு நாள் அது இல்லன்னாலும் நான் வேற வண்டி பார்த்துக்க வேண்டியிருக்கும். கோபம் இல்ல, பயம்" என்றார்.

முதல் நாள் வேலைக்கு முந்தைய நாள்தான் வண்டி ஊமையாயிற்று.

காலையில் நன்றாகத்தான் இருந்தது. மத்தியானம் நான் வண்டியைத் துடைத்துச் சுத்தம் செய்து, முன்பே தைத்து வைத்திருந்த நீலத் துணி உறைகளைச் சீட்டுகளுக்குப் போட்டேன். வெயிலில் வெளுத்துப் போயிருந்த பின்கண்ணாடிப் பலகைக்கும் அதே நீலத்தில் ஒன்று. அவர் பார்த்துவிட்டு என் காதருகே வந்து, "அவங்களுக்குத் தெரியவா போகுது?" என்றார்.

"தொட்டா தெரியும். போங்க."

சாயங்காலம் மைக்கைப் போட்டுப் பார்த்தார். செட்டில் விளக்கு எரிந்தது. எண்கள் ஓடின. மைக்கின் சின்னப் பச்சை விளக்கும் எரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. ரேடியோவைத் திருப்பினார், பாட்டும் இல்லை. வண்டியை அணைத்துப் போட்டார். போட்டு அணைத்தார். அப்புறம் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரத்தில் பார்த்த முகம் திரும்ப வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

"எல்லாம் அந்த ஆளு வேலை லட்சணம்! ஒயரை ஒழுங்கா இழுத்திருந்தா ஏன் இப்படி ஆகுது? பாதிக் காதை வச்சுக்கிட்டு வேலை செஞ்சா பாதி வேலைதான் நடக்கும்!" என்று கடை வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். முன்சீட்டில் உட்கார்ந்துதான்.

கடைக்கு முன்னால் வண்டி நின்றதும் எல்லாவற்றையும் மறுபடியும் ஒரு தடவை டக்கு அண்ணனிடம் நேரிலேயே சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நாளைக்குக் காலையிலதானே முதல் சவாரி?" என்றார். ஆமாம் என்றேன். கடைக்குள் நின்ற வேறொரு வண்டியை வெளியே தள்ளிவிட்டு எங்கள் வண்டியை உள்ளே விடச் சொன்னார்.

அவர் உடனே எதையும் கழற்றவில்லை. முதலில் சும்மா உட்கார்ந்து செட்டைப் பார்த்தார். சத்தத்தை யாராவது அமுக்கி வைத்திருக்கிறார்களா, குரல் முன்னால் போகிறதா பின்னால் போகிறதா, ஃபியூஸ் முழுசாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டார். எல்லாம் சரி. பிறகு செட்டை வெளியே இழுத்து, ஒயர்களைப் பிரித்து வைத்துக்கொண்டு சட்டைப் பையில் கைவிட்டார். பென்சில் பேட்டரி வெளியே வந்தது.

முன்கதவு ஒயர். டக். "டக்குன்னுச்சா?" என் வீட்டுக்காரர் தலையாட்டினார். இன்னொரு கதவு. டக். பின்பலகையில் ரோட்டுப் பக்கத்து ஸ்பீக்கர். டக். கடைசியாக நடைபாதைப் பக்கத்து ஸ்பீக்கர். ஒன்றும் இல்லை. மறுபடி தொட்டார். ஒன்றும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் பேட்டரியை ஒயரிலேயே பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு பேட்டரியைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"சுடுது" என்றார்.

"ஸ்பீக்கர் போயிடுச்சாண்ணே?"

"ஒயர் அறுந்திருந்தா பேட்டரி சும்மா இருக்கும், சுடாது. இங்க ரெண்டு ஒயரும் நடுவுல எங்கயோ ஒட்டிக்கிட்டு நிக்குது. அதான் செட்டு பயந்து மொத்தமா வாயை மூடிக்கிச்சு. இல்லன்னா உள்ள எரிஞ்சு போயிருக்கும். நல்ல செட்டு." அவர் செட்டை ஒரு தட்டு தட்டிக்கொடுத்தார்.

அந்த ஒயர் ஜோடியை மட்டும் பிரித்துவிட்டு மற்றதைச் சேர்த்தார். மைக்கை என் வீட்டுக்காரர் காலரில் மாட்டினார். பின்பலகையின் ரோட்டுப் பக்கத்திலிருந்து காற்றுக் குரல் மெல்ல எழுந்து வந்தது. "ஹலோ..."

எனக்கு உயிர் வந்தது. "போதும்ணே! ஒரு பக்கம் வருதுல்ல, நாளைக்கு இது போதும். மத்தது அப்புறம் பார்த்துக்கலாம்."

என் வீட்டுக்காரரும் கையெடுத்துக் கும்பிட்டார். டக்கு அண்ணன் தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டவில்லை.

"கண்ணு தெரியாதவங்க சத்தம் வர்ற பக்கம்தான் திரும்புவாங்க தங்கச்சி. ரெண்டு பக்கமும் சமமா வந்தா எந்தப் பக்கமும் சாய மாட்டாங்க. ரோட்டுப் பக்கம் மட்டும் பேசினா, 'வந்துருச்சு, இறங்குங்க'ன்னு இவரு சொல்லும்போது அவங்க எந்தக் கதவுல கை வைப்பாங்க?"

நான் வெளியே பார்த்தேன். கடைவாசலில் வண்டிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. ஒரு கை அந்தப் பக்கத்துக் கதவைத் திறப்பது போல நினைத்துப் பார்த்தேன். அதற்கப்புறம் நான் போதும் என்று சொல்லவில்லை.

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, பழுது பார்க்கிற எல்லா வண்டியிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "கடைசியா எப்ப பேசுச்சு? அதுக்கப்புறம் வண்டிக்குள்ள யாரு, என்ன செஞ்சீங்க?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மைக் தேவையில்லை.

"காலையில பேசுச்சு. நான் துடைச்சேன். உறை போட்டேன். துணிக்கும் ஸ்பீக்கருக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன், குரலைக் கொஞ்சம் உயர்த்தியே.

"சம்பந்தம் இல்லதான்" என்று சொல்லிவிட்டு அவர் பின்சீட்டில் மண்டியிட்டார். நான் போட்டிருந்த நீல உறையின் ஓரத்தை மெதுவாகத் தூக்கி, கையை உள்ளே விட்டு, பலகையை மூடிய முரட்டுத் துணியைத் தடவிக்கொண்டே போனார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். நானும் துணியில் முடிச்சைத் தேடும்போது அப்படித்தான் செய்வேன். பலகையின் மூலையில், நடைபாதைப் பக்கத்து ஸ்பீக்கருக்குக் கொஞ்சம் முன்னால், அவர் கை நின்றது.

"தங்கச்சி, மேசை மேல டார்ச் இருக்கும், எடுத்துட்டு வாங்க."

நான் நண்டு நடை நடந்து போய் டார்ச்சை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அதற்குள் அவர் வெளியே இறங்கி நின்றிருந்தார்.

"கிடைச்சிருச்சு" என்றார். "தப்பு என்னோடது. அன்னைக்கு ஒயரைப் பலகைக்கு மேல, துணிக்கு அடியில விட்டுட்டேன். டிக்கி வழியா பலகைக்குக் கீழ கொண்டு போயிருக்கணும். சோம்பேறித்தனம். ஒயரு நசுங்கிருச்சு. புதுசா இழுத்துடறேன்."

இந்த வாக்கியத்துக்காகத்தான் வீட்டிலிருந்து கடை வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். 'பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. டார்ச்சை நீட்டியபோதுதான் அவர் சட்டைப் பையைப் பார்த்தேன். பேட்டரி வைத்திருக்கும் பையின் விளிம்பில், அழுக்குத் துணியில் பத்திரமாகக் குத்தி வைத்திருந்த ஒரு குண்டூசி. நீல மணி வைத்தது.

அந்த ஊசி யாருடையது என்று கேட்க இந்தத் தெருவில் ஆள் இல்லை. நீலத் துணிக்கு நீல மணி ஊசி, வெள்ளைத் துணிக்கு வெள்ளை மணி ஊசி என்று பிரித்து வைத்துத் தைக்கிற கிறுக்கு என்னைத் தவிர வேறு யாருக்கும் இல்லை. உறையை அளவு பார்க்கக் குத்தியவற்றில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். நீலத்தோடு நீலமாக ஒன்று மூலையில் தங்கிவிட்டது. அது துணியைத் தாண்டி, அடியில் போன ஒயர் ஜோடியின் நடுவே இறங்கி, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தையும் கோணல் என்றேன், கூடத்தைக் கட்டினவரையும் கோணல் என்றேன்.

டார்ச் வெளிச்சம் அந்த நீல மணியில் விழுந்து நின்றது. என் பார்வை போன இடத்தை அவரும் கவனித்துவிட்டார்.

"அண்ணே, அது என் குண்டூசி" என்றேன்.

அவர் உடனே முகத்தைத் திருப்பி வலது காதை என் பக்கம் காட்டினார். "எது? ஒன்னும் கேக்கலையே."

அந்தக் காது கேட்காது என்பது தெரியும். அதை அவர் இப்படியும் வேலைக்கு வைத்துக்கொள்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எத்தனை பேருடைய குற்றம் அந்தக் காதுக்குள் போய்க் காணாமல் போயிருக்குமோ! நான் விடவில்லை. காருக்கும் சுவருக்கும் நடுவில் சுற்றிப் போய் அவருடைய இடது பக்கத்தில் நின்று, டயர்க்கடைக்காரருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "குண்டூசி என்னுது! குத்தினது நான்! தப்பு உங்களோடது இல்ல! நான் வழி நெடுக உங்களைத் திட்டிட்டு வந்தேன், இதோ இவரைக் கேளுங்க!"

இவரைக் கேட்க முடியாது. இவர் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். காலரில் மைக் இருந்ததை மறந்துவிட்டார். பின்பலகையின் ஒரு ஸ்பீக்கரிலிருந்து உஸ் உஸ்ஸென்று அந்தச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவர் அப்படிச் சிரித்ததை நான் பார்க்கவில்லை. போகட்டும், ஒரு குண்டூசியால் அந்த ஒன்றாவது நடந்தது.

"ஊசி உங்களுதுதான். ஆனா ஒயர் போற இடத்துல ஊசி வரும்னு நான் நினைச்சிருக்கணும்ல?" என்றார் டக்கு அண்ணன். "தையல்காரி வண்டியில ஊசி இல்லாம வேற என்ன இருக்கும்?"

அவர் டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, புது ஒயரைப் பலகைக்கு அடியில் தகடு ஓரமாகக் கொண்டுபோனார். எந்த ஊசிக்கும் எட்டாத இடம். நான் டார்ச் பிடித்தேன். இப்படிப் பிடி, அப்படிப் பிடி என்று அவர் சொல்லவில்லை. அவர் கை போகிற பக்கம் நானே வெளிச்சத்தைக் கொண்டு போனேன். ஒரு தடவை அவர் மனைவி மாடி வீட்டிலிருந்து தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இவர்கிட்ட பேசறதா இருந்தா இந்தப் பக்கம் வந்து பேசு, அந்தப் பக்கம் சுவரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லாம் முடிந்து ஒயர் முனையில் பேட்டரியைத் தொட்டபோது மூலையிலிருந்து வந்தது. டக். அந்தச் சத்தம் இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"டக்குன்னுச்சா?"

"டக்குன்னுச்சுண்ணே."

செட்டை உள்ளே தள்ளித் திருகாணியை முடுக்கியதும் நான் முன்கதவைத் திறக்கப் போனேன். அவர் தடுத்தார்.

"முன்னால வேண்டாம். நாளைக்கு ஏறப்போறவங்க எங்க உட்காருவாங்களோ அங்க உட்காருங்க. கண்ணை மூடிக்கங்க. ஒரு சுத்து போயிட்டு வாங்க. குரல் நடுவுல இருந்து வருதான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. நான் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனா எனக்கு எல்லாமே இடது பக்கத்துல இருந்துதான் வரும்."

இத்தனை நாளாக அவர் அந்தப் பின்சீட்டில் எப்படிச் சோதித்துப் பார்த்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தனக்குக் கேட்காத சமத்தை அடுத்தவர் காதைக் கேட்டுக் கேட்டுச் செய்து வைத்திருக்கிறார்.

பின்சீட்டில் ஏறி, நானே தைத்த துணியின் மேல் உட்கார்ந்து, கண்ணை மூடினேன். வண்டி பின்னால் நகர்ந்து தெருவுக்கு வந்தது. முதலில் இன்ஜின் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு என் தலைக்குப் பின்னால், இரண்டு தோளுக்கும் சமமாக, அவர் குரல் எழுந்தது. பழைய குரல் இல்லை. அடியில் காற்று இருந்தது, கொஞ்சம் கரகரப்பு. ஆனால் நிறுத்தவில்லை. சில்லறை எண்ணவில்லை.

"வலது பக்கம் ரொட்டிக் கடை தாண்டறோம்... வாசனை வருதா? சாயங்கால ரொட்டி இப்பதான் எடுத்திருக்காங்க. முன்னால வேகத்தடை, சீட்டைப் பிடிச்சுக்கங்க... ம், தாண்டியாச்சு. இப்ப இடது பக்கம் திரும்பறேன், உடம்பு ஒரு பக்கம் சாயும். இங்க ஒரு பெரிய மரம். கிளை ரோடு மேல குனிஞ்சிருக்கு, முகத்துல நிழல் விழும் பாருங்க. விழுந்துச்சா? மரத்தடியில ஒரு நாய் படுத்திருக்கு. நம்மளைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் திறக்குது, துரை..."

நான் தினமும் நடக்கிற தெரு அது. அந்த நிழல் என் முகத்தில் விழுந்ததை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

"இந்த சீட்டு உறை நீலம்" என்றது குரல். "மழை விட்டதும் கொஞ்ச நேரம் வருமே, அந்த நீலம். தொட்டுப் பாருங்க, ஓரத்துல மடிச்சுத் தைச்சிருக்கு, ஒரு நூல் கூடப் பிசிறு இருக்காது. நாளைக்கு அவங்ககிட்டயும் இப்படித்தான் சொல்லப் போறேன். தைச்சது என் பொண்டாட்டி. ஆஸ்பத்திரியில என் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து, நான் பேசாத பேச்செல்லாம் சேர்த்து அவளே பேசினா. தொண்டை கட்டினப்பக்கூட நிறுத்தல. அவ நிறுத்தியிருந்தா நான் பயந்திருப்பேன்." ஒரு மூச்சு இழுக்கிற சத்தம் வந்தது. "குண்டூசி விஷயம் மட்டும் சொல்ல மாட்டேன்."

வண்டி நின்றது. கடைக்கு வந்துவிட்டோம் என்று ரப்பர் வாடையிலும் அடுப்புச் சூட்டிலும் தெரிந்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை. கதவு திறந்தது. நடைபாதைப் பக்கத்துக் கதவு.

"என்ன தங்கச்சி, குரல் நடுவுல இருந்து வந்துச்சா?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. காற்றுகூட வரவில்லை. வாழ்நாளில் முதல் தடவை.

டக்கு அண்ணன் பதறிப்போய்ப் பையிலிருந்து பேட்டரியை எடுத்துக்கொண்டு உள்ளே குனிந்தார். "ஐயோ, சத்தம் வரலையா?"

அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதன் பிறகுதான் குரல் வந்தது.

"வருதுண்ணே. நல்லா வருது. இன்னொரு சுத்து போயிட்டு வரட்டுமா?"